சுவருக்குப் பின்னால் நாற்பது வரிகள்

அச்சகத்தில் அவரைக் கேள்விக்குறி என்பார்கள். மெய்ப்புத் திருத்துபவர். முதுகு வளைந்திருக்கும், அது பாதிக் காரணம். மீதிக் காரணம், பிழை திருத்துவதோடு நிற்காமல் தாளின் ஓரத்தில் பென்சிலால் கேள்வி எழுதிவைப்பது. நூலாசிரியர்களுக்கு அது பிடிக்காது. "இவரு மெய்ப்புப் பாக்குறாரா, குறுக்கு விசாரணை பண்றாரா?" என்று முதலாளியிடம் வந்து முறையிடுவார்கள்.

நான் அவருக்கு வாசிப்பவள். நூலாசிரியரின் கையெழுத்துப் பிரதியை நான் உரக்க வாசிக்க, அவர் அச்சான தாளில் விரல் வைத்துக்கொண்டே வருவார். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்த வேலை கிடைக்க என் குரல்தான் காரணம். ஏற்ற இறக்கமே இல்லாத குரல். அர்த்தம் தெரிந்து வாசிப்பவர்கள் தம்மை அறியாமலே பிழையைச் சரிசெய்து வாசித்துவிடுவார்களாம். "உங்ககிட்ட அந்தப் பயம் இல்ல" என்று சொல்லித்தான் முதலாளி என்னைச் சேர்த்தார்.

ஒன்பது வருடம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவரைவிட நான் இருபது வயது இளையவள். இருந்தும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். பைண்டிங் பகுதிப் பெண்களையும் அப்படித்தான். "நாங்கல்லாம் அக்கான்னா நீங்க என்ன, தொட்டில்ல கெடக்குற பாப்பாவா?" என்று அவர்கள் சீண்டுவார்கள். சிரித்துக்கொண்டே போய்விடுவார். தங்கச்சி என்று அவர் யாரையும் அழைத்து நான் கேட்டதில்லை.

பேராசிரியரின் புத்தகம் எங்களிடம் வந்தது பத்தாவது வருடம். நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால நாடகங்களையும் கவிதைகளையும் பற்றிய விமர்சனம். இருபது வருட உழைப்பு என்றார்கள். அதில் ஏழாவது அத்தியாயம் ஒரே ஒரு நாடகத்தைப் பற்றியது, அதன் தமிழாக்கத்தோடு. ஒரு பிரபு தன் தங்கையை அறைக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறான். நான்காம் அங்கத்தில், அவள் இறந்துவிட்டாள் என்று எல்லாருக்கும் அறிவிக்கிறான். ஐந்தாம் அங்கத்தில் ஒரு விருந்து. அப்போது சுவருக்குப் பின்னாலிருந்து அவள் நாற்பது வரிகள் பேசுகிறாள். மேடையில் இருக்கும் ஒருவரும் அது காதில் விழுந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. சாப்பாட்டின் ருசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த நாற்பது வரிகளும் நாடகாசிரியர் எழுதியவை அல்ல என்பது பேராசிரியரின் முடிவு. முன் அங்கங்களில் தங்கை வாய் திறந்தாலே ஆறும் மழையும் உவமையாக வருகின்றன. சுவருக்குப் பின்னாலோ சாவியும் ரொட்டியுமாக வருகின்றன. அதனால் இது வேறு கை, கூட்டத்தைப் பயமுறுத்த நாடகக் குழுவினர் பின்னால் சேர்த்தது என்று எழுதியிருந்தார். தவிர, அவள்தான் செத்துவிட்டாளே. அந்த வரிகளை வெட்டி, புத்தகத்தின் கடைசியில் பின்னிணைப்பாகப் போடச் சொல்லியிருந்தார்.

கேள்விக்குறி தாளிலிருந்து விரலை எடுத்துவிட்டார். "இன்னொரு தடவ வாசிங்கக்கா" என்றார்.

அந்த அத்தியாயத்துக்கு மட்டும் முப்பத்தொரு கேள்விகள் எழுதினார். பூட்டிய அறையில் கிடப்பவளுக்கு ஆறு ஏது, மழை ஏது? காதில் விழுவது சாவிச் சத்தம், கைக்கு வருவது ரொட்டி. வேறு எதைப் பற்றிப் பேசுவாள்? ஐந்தாம் அங்கத் தொடக்கத்தில் வேலைக்காரி பிரபுவின் அறைக்கு இரண்டு தட்டு கொண்டுபோகிறாளே, இரண்டாவது யாருக்கு?

பேராசிரியர் பெரும்பாலானவற்றை அடித்துவிட்டுத் தட்டுக்கு மட்டும் சிவப்பு மையில் பதில் எழுதி அனுப்பினார். 'பழக்கதோஷம். இறந்தவர்களுக்கும் சில நாள் தட்டு வைப்பார்கள்.'

அதைப் படித்த கேள்விக்குறி தாளைக் கவிழ்த்து வைத்தார். மதியம் வரை வேலை நடக்கவில்லை.

முதலாளிதான் எனக்கு விஷயத்தைச் சொன்னார். முப்பது வருடத்துக்கு முன்பு கேள்விக்குறியுடன் ஒரு தங்கை இருந்தாள். விஷக்காய்ச்சல் வந்து, பிதற்றிக்கொண்டே தெருவில் இறங்கி நடந்துவிடுவாளாம். ஒருநாள் அவளை உள்ளறையில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்கு வந்திருக்கிறார். மாலையில் போய்த் திறந்தபோது உயிர் இல்லை. கதவின் உட்பக்கம் நகம் கீறிய தடங்கள் இருந்தன. அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு சத்தமும் கேட்கவில்லை என்றார்களாம்.

"ஒத்தக் கல்லு சுவரு. தும்மினாலே அடுத்த வீட்டுக்குக் கேக்கும்" என்றார் முதலாளி.

கடைசி மெய்ப்பு வந்த சமயம் கேள்விக்குறி படியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். நானே மெய்ப்பையும் பிரதியையும் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். காலை பதினொரு மணி. அதே பழைய வீடுதான், மூன்றாவது மாடி. முன்னறையிலேயே சமையல் மேடை. உள்ளே ஓர் அறை, கதவு சாத்தியிருந்தது. மேடையில் இரண்டு தட்டுகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. இரண்டிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பின்னிணைப்பை வாசிக்கத் தொடங்கினேன். பாதிக்கு மேல் போனபோது அவர் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து தண்ணீர் மொண்டார். நான் நிறுத்தவில்லை. பேராசிரியரின் கையெழுத்து நெருக்கமானது. கண் எங்கோ தாவிவிட்டது. அவர் டம்ளரை வாயில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்தேன்.

"அக்கா, ஒரு வரி விட்டுட்டீங்க."

இளம்பெண் குரல். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. குற்றம் சொல்லும் குரல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து தினமும் கேட்டுப் பழகியவள் சொல்வதுபோல் இருந்தது.

பிரதியைப் பார்த்தேன். விட்டுத்தான் இருந்தேன். கதவைத் திறக்க வேண்டாம், நான் இருக்கிறேன் என்று மட்டும் யாராவது சொல்லுங்கள் என்பது அந்த வரி.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். என் விரல் விட்ட வரியின்மேல் இருந்தது.

"கேட்டுச்சாக்கா?"

இல்லை என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கியிருக்கலாம். அந்த மாடியில் குடியிருந்த எல்லாரும் ஒருநாள் அதைத்தான் சொன்னார்கள்.

"கேட்டுச்சு" என்றேன். "ஒரு வரி விட்டுட்டேனாம்."

அவர் மெல்ல உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார். முப்பது வருடமாக, தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தாராம். விட்ட வரியிலிருந்து வாசித்தேன். என் குரல் ஏறியும் இறங்கியும் போனது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

பதினொரு நாள் கழித்து அவர் இறந்துபோனார்.

எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம். மெய்ப்புத் திருத்துபவர் பென்சிலால் எழுதினால் அது நூலாசிரியருக்கான கேள்வி. மையால் எழுதினால் அது திருத்தம்; அச்சுக் கோப்பவர் மறுபேச்சில்லாமல் உள்ளே சேர்த்துவிடுவார். கடைசி மெய்ப்பில், அந்த வரிகளைப் பேச அங்கே யாரும் இல்லை என்று பேராசிரியர் எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில், 'இருக்கிறாள். இருவர் கேட்டோம்' என்று கேள்விக்குறி மையால் எழுதியிருந்தார். கை தவறிப் பேனாவை எடுத்தாரா, தெரிந்தே எடுத்தாரா, எனக்குத் தெரியாது. அச்சுக் கோப்பவர் சேர்த்துவிட்டார். மெய்ப்புப் பார்க்கக் கேள்விக்குறியின் இடத்துக்கு வந்திருந்த முதலாளியின் மருமகனுக்கு நான் அதையும் வாசித்தேன், என் பழைய தட்டைக் குரலில். அவர் விரல் நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டது.

புத்தகம் வெளிவந்த வாரமே பேராசிரியர் வந்தார். கத்துவார் என்று முதலாளி கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். அவர் கத்தவில்லை. பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தார்.

"எழுதினது யாருன்னு தெரியும். இருவர்னு போட்டிருக்கே, இன்னொருத்தர் யாரு?"

நான் எழுந்து நின்றேன். நடந்ததைச் சொன்னேன். இத்தனை வருடத்தில் அந்த அறையில் நான் என் சொந்த வார்த்தையில் அவ்வளவு பேசியதில்லை. அவர் சிரிக்கவில்லை. பின்னிணைப்பைப் புரட்டி என் முன்னால் தள்ளினார்.

"வாசிங்கம்மா, கேக்குறேன்."

நாற்பது வரிகளையும் வாசித்தேன். இந்த முறை ஒன்றையும் விடவில்லை. முடித்ததும், சுவருக்குப் பின்னால் இருந்து, காகிதக் கட்டுகளைத் தவிர ஒன்றுமில்லாத அந்தக் கிடங்கிலிருந்து, இத்தனை வருடம் என் எதிரே உட்கார்ந்திருந்தவரின் குரல் கேட்டது.

"இன்னொரு தடவ வாசிங்கக்கா."

பேராசிரியரின் தலை சட்டென்று சுவர் பக்கம் திரும்பியது. முதலாளி என்ன சார் என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல" என்றார் பேராசிரியர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டீ கெடைக்குமா?"

முதலாளியும் அவசரமாக டீயைப் பற்றிப் பேசத் தொடங்கினார். எந்தக் கடையில் நன்றாக இருக்கும், சர்க்கரை எவ்வளவு என்றெல்லாம்.

நான் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தேன்.