காற்றுத் தோட்டத்துக்குப் பதிந்த பெயர்கள்

காலை ஒன்பது இருபதுக்கு அந்தக் காகிதத்தை என் கையில் கொடுத்தார்கள். ஒன்பதரைக்கு நான் பள்ளி மணியை அடிக்க வேண்டும். அந்தப் பத்து நிமிட அவசரத்துக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

எண்பதுகளில் பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். எங்கள் மலை முகட்டில் காற்று ஓயாது. அங்கே வரிசையாகக் காற்றாடிகளை நட்டு மின்சாரம் எடுக்கத் திட்டம் போட்டிருந்தார்கள். முகட்டை ஒட்டித்தான் மேல் லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அதன் கடைசி வீட்டில் என் மகள், ஏழு மாதக் கர்ப்பிணி. மருமகனுக்குத் தோட்டத்தில் பெயர் பதியவில்லை. பெயர் பதியாதவனுக்கு நிரந்தர வேலை கிடையாது. கூப்பிட்ட நாளில் போனால் உண்டு.

திட்டத்துக்காரர்கள் இருவர், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் சனத்தைக் கூட்டியிருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் வராது. ஆங்கிலத்தில் இருந்ததை வாசித்துச் சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். தலைப்பில் இருந்த 'விண்ட் ஃபார்ம்' என்பதை அகராதிப்படி தமிழாக்கினேன்: "காற்றுத் தோட்டம்." அடுத்த வரியையும் அப்படியே சொன்னேன்: "மேல் லயத்தில் குடியிருப்போர் பெயர் பதிய வேண்டும்."

கொழுந்துக் கூடையோடு நின்ற ஒருத்தி கேட்டாள்.

"காத்துக்குத் தோட்டமா? அப்ப இனிமே காத்தைத்தான் கிள்ளணுமா டீச்சர்?"

"நீ கிள்ளுவ, ஆனா அது தராசுல நிக்காதே," என்றார் கங்காணி.

"பேர் பதிஞ்சா போதுங்க. காத்தையும் கிள்ளுவோம், பொகையையும் கிள்ளுவோம்."

நானும் சிரித்தேன். தோட்டம் என்றால் வேலை, பெயர் பதிவது என்றால் நிரந்தர வேலை என்றுதான் அங்கே எல்லாருக்கும் அர்த்தம். படித்த எனக்கும் அப்படியே பட்டது. மகள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அவரு பேர மொதல்ல எழுதுங்க."

முதலில் எழுதினேன். பிறகு மற்றவர்களுடையது, வீட்டுக்கு ஒரு பெயர். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களின் பெருவிரலை மையில் தொட்டு வைத்தேன். காகிதத்துக்குப் பின்னால் இன்னொரு பக்கம் இணைத்திருந்தார்கள். பிள்ளைகள் வாசலில் சத்தம் போட ஆரம்பித்திருந்தார்கள். நான் அதைப் புரட்டவில்லை.

இரண்டு கிழமை கழித்து நில அளவைக்காரர்கள் வந்து மேல் லயத்து வாசலில் சிவப்பு முளைக்குச்சி அடித்தார்கள். மருமகன் தடுத்தான். "வீட்டை விட்டு எழும்புறதுக்கு நீங்கதானே பேர் குடுத்தீங்க?" என்றான் முளை அடித்தவன்.

ஆபீசுக்கு ஓடி, பிரதியை வாங்கி, இரண்டாம் பக்கத்தைப் படித்தேன். பெயர் பதிந்தவர்கள் வீட்டைக் காலி செய்யச் சம்மதித்தவர்கள் என்றிருந்தது. அவர்களைக் கீழ்ப் பிரிவில் ஒரு காம்பரா அறைக்கு இரண்டு குடும்பமாக வைப்பார்களாம்.

அன்று மாலை மகளிடம் சொன்னேன். அவள் அழவில்லை.

"நீங்க படிச்சவங்கதானேம்மா?" என்றாள்.

பெயர்களை நீக்கக் கேட்டு மனு எழுதினேன். பஸ் ஏறிப் பதுளைக் கச்சேரியில், அரசாங்க அதிபர் அலுவலகத்தில், கொடுத்தேன். விசாரிக்க ஒருவர் வருவார் என்றார்கள். ஜீப் சத்தம் கேட்ட போதெல்லாம் பாடத்தை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தேன். மகளுக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கியது. அவளுடைய பாத்திரங்கள் சாக்கில் கட்டியபடி இருந்தன. நான் அவிழ்க்கச் சொல்வேன், அவள் கேட்க மாட்டாள்.

கடைசியில் ஒரு அதிகாரி வந்தார். வெலிமடைக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். மனுவைப் படித்தார். பெயர்ப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு அதை நெடுநேரம் பார்த்தார்.

"இது நீங்க எழுதினதா டீச்சர்?"

"ஆமாங்க."

"லயத்தை எடுக்க அனுமதி போன கிழமையே வந்துட்டுது. எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு. அதனாலதான் மேலிடத்துல ஒருத்தரும் சந்தேகப்பட்டு ஒன்னும் கேக்கல."