அம்மாவின் இடது முழங்கால்

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தபோது நான் தி.நகரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே வேலையை விட்டேன். அப்பா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணன் துபாயில். வீட்டில் நானும் அம்மாவும்தான். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்று எங்களை வளர்த்தவள் அவள். கை விழுந்தது, கால் விழுந்தது, வாய் மட்டும் விழவில்லை.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அறையில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு தொங்கும். முதல் நாள் வீல்சேரில் தள்ளிக்கொண்டு போனபோது அம்மா அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"பாவம், யார் வூட்டுப் பொண்ணுடி இது? ஒரு வாய் சோறு போடாம தொங்க வுட்டுக்கிறாங்க."

பிசியோ அக்கா சிரித்துவிட்டார். பிறகு அந்தக் கூட்டை வைத்தே எனக்குப் பாடம் எடுத்தார். நான் எட்டாவதோடு நின்றவள். படத்தில் காட்டினால் மண்டையில் ஏறாது, தொட்டுக் காட்டினால் ஏறும். முழங்காலைப் பிடித்து மடக்கினார், நீட்டினார். "இது கதவுக் கீல் மாதிரி. மடங்கும், நீளும். பக்கத்துல தள்ளினா போகாது." முழங்கையும் அதே ஜாதிதானாம். அப்புறம் இடுப்பைக் காட்டினார். தொடை எலும்பின் தலை பந்து போல உருண்டையாக இருந்தது. அது இடுப்பில் இருக்கும் கிண்ணத்துக்குள் போய் உட்கார்ந்திருந்தது. "இதுக்கு எந்தப் பக்கமும் தடை இல்ல. முன்னாடி, பின்னாடி, பக்கத்துல போகும். உள்ள வெளிய சுழலும்." தோளும் அப்படித்தான். ஆனால் தோளில் கிண்ணம் ஆழம் கம்மி, அதனால்தான் சீக்கிரம் நழுவிவிடுகிறது, விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதே என்றார்.

கழுத்தில் ஒரு எலும்பு முளை மாதிரி நிற்கிறது, அதைச் சுற்றி மேல் எலும்பு வளையம் மாதிரி திரும்புகிறது, வேண்டாம் என்று தலையாட்டுவது அதனால்தான் என்றார்.

"அது எனுக்கு நல்லாவே வேல செய்யுது" என்று அம்மா தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக் காட்டினாள். மண்டை ஓட்டிலும் எலும்புகள் சேரும் இடங்கள் இருக்கின்றன, ஆனால் அசையாது என்று அக்கா சொன்னதும், "எம் பொண்ணுக்கு மண்டைல ஒண்ணுமே அசையாது டாக்டரம்மா" என்றாள்.

வீட்டில் காலையும் சாயங்காலமும் நான்தான் அவளுடைய மூட்டுகளை அசைத்துவிட்டேன். தோளில் ஆரம்பித்துக் கணுக்காலில் முடிப்பேன். இடது கை எப்போதும் இறுக்கமாக மூடியிருக்கும். விரலைப் பிடித்து இழுத்தால் திறக்காது. மணிக்கட்டை உள்பக்கம் மடக்கினால் விரல்கள் தானாகக் கொஞ்சம் தளரும், அப்போது விரித்துவிட வேண்டும். கோழிக்காலைக் கடிக்கும்போது எலும்பு முனையில் வெள்ளையாக வழுவழு என்று இருக்குமே, அது நமக்கும் ஒவ்வொரு மூட்டிலும் இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு பை, பைக்குள் எண்ணெய் மாதிரி ஒரு நீர். அசைத்தால்தான் அந்த நீர் எல்லா இடமும் பரவும். அசைக்காமல் விட்டால் பை சுருங்கிப்போகும். இது எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கும் புரிந்தது. ஆனாலும் காலைத் தொட்டால் திட்டுவாள்.

"அடியே பேமானி, மீனு வாலுன்னு நெனச்சியா? இந்த இழு இழுக்கிற!"

இடது முழங்காலை நீட்டினால்தான் அவளுக்கு வலி அதிகம். அடியில் தலையணை வைத்து மடக்கி வைத்தால் சுகமாக இருக்கும். வைக்கவே கூடாது என்று பிசியோ அக்கா தலைதலையாய் அடித்துக்கொண்டார். நான் எடுப்பேன், அம்மா நல்ல கையால் திரும்ப இழுத்து வைத்துக்கொள்வாள். பெரியம்மா பார்க்க வந்தால் பாசத்தில் இன்னொரு தலையணையும் சேர்த்து வைத்துவிட்டுப் போவாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கால் அந்த மடக்கிலேயே நின்றுபோனது. பின்னால் இருக்கிற தசையெல்லாம் குட்டையாகிவிட்டது என்றார் அக்கா. "இனிமே பலம் போட்டு நீட்டாத. எலும்பு சாக்பீஸ் மாதிரி ஆயிடுச்சு, உடைஞ்சிரும். இடுப்பு நல்லா இருக்கு, அதையாவது விடாத."

இடுப்பை நான் விடவில்லை. தினமும் தொடையை வெளிப்பக்கம் திருப்பி, உள்பக்கம் திருப்பி வைப்பேன்.

மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டியது. ஒரு காலையில் காபி ஆற்றிக்கொண்டு திரும்பினேன். கூப்பிட்டேன். பதில் இல்லை. அம்மா போய்விட்டாள்.

அண்ணன் மறுநாள்தான் வர முடியும் என்றதால் மாமா ஐஸ் பெட்டிக்குச் சொன்னார். மாமா அம்மாவின் தம்பி, கடலுக்குப் போகிறவர், வலை இழுத்த கை. பெட்டி வந்து வாசலில் இறங்குவதற்குள் பெண்கள் அம்மாவைக் குளிப்பாட்டிப் புடவை கட்டிவிட்டார்கள். பெரியம்மா தாடையைக் கட்டினாள். தூக்கிப் பெட்டிக்குள் படுக்க வைத்தோம். கண்ணாடி மூடவில்லை. இடது முழங்கால் கூடாரம் மாதிரி நின்றது.

பெட்டிக்காரர் இரண்டு தடவை மூடிப் பார்த்தார். "அண்ணே, மூடி நிக்கலன்னா கூலிங் நிக்காது. நாளைக்கு வரைக்கும் தாங்காது."

"தள்ளு, நான் அமுக்குறேன்" என்று மாமா பெட்டி மேல் குனிந்தார். "உசுரு போயிடுச்சுல்ல, இப்ப நீட்டிக்கும்."

"மெதுவா அமுக்குடா. கால் கட்ட விரல் ரெண்டையும் சேத்துக் கட்டணும்" என்றாள் பெரியம்மா.

மாமாவின் உள்ளங்கை முழங்கால் மேல் இறங்கிவிட்டது.

"மாமா, கைய எடு."

"இன்னாமே?"

"அது நீட்டிக்காது. உடைஞ்சிரும்."

"அவளுக்கு இன்னா தெரியப்போவுது? வலிக்கவா போவுது?"

"உனக்குத் தெரியும்ல? உங்கக்கா காலு மளுக்குன்னு சவுண்டு வுட்டா, அதக் கேட்டுட்டு அப்புறம் நீ சோறு துன்னுவியா?"

மாமா கையை எடுத்துவிட்டார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஒதுங்கி எனக்கு வழி விட்டார். "அப்ப இன்னா பண்ணச் சொல்ற?"

இடுப்பை அசையாமல் பிடிக்கச் சொன்னேன். ஒரு கையை அம்மாவின் குதிகாலுக்கு அடியில் கொடுத்தேன், இன்னொரு கையை முழங்காலுக்கு அடியில். கீல் திறக்காது, பந்து உருளும். தொடையை வெளிப்பக்கம் திருப்பினேன். வரவில்லை. கழுத்து அதற்குள் விறைத்திருந்ததைப் பார்த்திருந்தேன், இடுப்பும் பிடித்துக்கொண்டதோ என்று பயம். தினமும் செய்வது போல முதலில் கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே என்று ஆட்டினேன். பிறகு விட்டுக்கொடுத்தது. முழங்கால் மெல்லச் சாய்ந்து இடது பக்கம் படுத்தது. பாதம் வலது காலோடு போய் ஒட்டிக்கொண்டது.

இந்த இடம் வந்ததும் அம்மா என்னைத் திட்டுவாள். நான் காலைப் பிடித்தபடி நின்றிருந்தேன்.

"இன்னாமே ஆச்சு?" என்றார் மாமா.

"ஒண்ணும் இல்ல."

அம்மாவைக் கொஞ்சம் வலது பக்கம் நகர்த்தினோம். பெட்டிக்காரர் மூடியை இறக்கினார். மூடிக்கொண்டது. விரலைச் சேர்க்க முடியாதே என்று பெரியம்மா புலம்பினாள். மாமா மூடியைத் திரும்பத் திறக்கச் சொல்லி, வெள்ளைத் துணியை நீளமாகக் கிழித்து, ஒரு கால் விரலிலிருந்து இன்னொரு கால் விரலுக்குக் கயிறு மாதிரி இழுத்து முடிச்சுப் போட்டார். "சேந்துதான் கீது. போதும் போ" என்றார்.

அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கால் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சொன்னேன். முழங்கால் இப்படி, இடுப்பு அப்படி என்று ஒரு கையை மூடி இன்னொரு உள்ளங்கையில் உருட்டிக் காட்டினேன். அழவேண்டிய நேரமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்ததும் அடுத்த ஆள் வந்தால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

சாயங்காலம் கூட்டம் கொஞ்சம் குறைந்தது. மாமா வாசல் பக்கம் நின்று சவப்பெட்டிக் கடைக்குப் போன் பேசினார். அகலம் அதிகமாக வேண்டும் என்றார். அந்தப் பக்கத்து ஆள் ஏதோ கேட்டான்.

"இல்ல நைனா, பெரிய உருவம்லாம் இல்ல. எங்கக்கா குள்ளம். காலு ஒண்ணு சைடுல மடிஞ்சிகினு கீது." மறுபடி ஏதோ கேட்டான். "நீட்டுறதா? அதெல்லாம் வோணாம். நீட்டக் கூடாது. நீ அகலமா குடு."

போனைக் காதில் வைத்துக்கொண்டே தன் இடது காலைத் தூக்கி, முழங்காலை வெளிப்பக்கம் திருப்பி, இப்படி, இப்படி என்று அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.