தீவுக்காரர் பங்கு

சேலையூரில் எங்கள் வீட்டுக் கூடத்தின் மேற்குச் சுவர் முழுவதும் மரத்தட்டுகள். அவற்றில் இருப்பவை எனக்கு அழகானவை. என் மனைவிக்குத் தூசி தட்ட வேண்டியவை. பஸ்தர் பழங்குடியினர் வார்த்த பித்தளைக் குதிரை, நாகர்களின் மூங்கில் குவளை, பர்மாவின் அரக்குப் பூச்சு வெற்றிலைப் பெட்டி, எந்த மலையிலிருந்து வந்தது என்று இன்னும் எனக்குத் தெரியாத, தானியம் அளக்கும் ஒரு மரப்படி. பெரிய சேகரிப்பாளர்கள் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வைத்ததைத்தான் பத்திரிகை அலுவலகச் சம்பளத்தில் வாங்க முடிந்தது.

மறைமலை நகர் கார் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் ஊர் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் போவார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பழைய பங்களாக்களை இடிக்கும்போது கதவு ஜன்னலோடு அலமாரிக்குள் இருந்ததும் வெளியே வரும். இவை இரண்டும் வந்து சேரும் கடை ஒன்று கோவளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடைக்காரர் மீனவக் குடும்பம். அண்ணன் தம்பிகள் கடலுக்குப் போக, இவர் மட்டும் இடிந்த வீடுகளில் வலை போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஆகக்கூடியது ஏதாவது சிக்கினால் போன் வரும்.

"சார், ஒருத்தர் வந்து குந்திகினு கீறாரு. உன்னத்தான் கேக்குறாரு" என்றார் ஒரு நாள்.

போய்ப் பார்த்தேன். முழங்கை நீளத்தில் கருத்த மரத்தாலான ஓர் ஆண் உருவம். குந்திய நிலை. மார்புக்கு முன்னால் இரண்டு கைகளாலும் ஒரு கிண்ணத்தைப் பிடித்திருந்தார். தலையில் உயரமான அணி, மீசை, ஒரு காதில் மட்டும் தோடு. எதிரில் நிற்பவரைப் பார்க்காமல் அவர் தலைக்குச் சற்று மேலே பார்க்கும் கண்கள். கப்பல் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவரின் வீட்டை இடித்தபோது மாடிப்படிக்கு அடியில் கிடைத்ததாம்.

"எம்மா நேரமா பாத்துகினு கீற. வோணுமா வாணாமா?"

"வேணும்."

"அப்ப இட்டுகினு போ சார். கடைய பூட்ட சொல்லோ மொறைக்கிறாரு. பேஜாரா கீது."

கேளம்பாக்கம் வழியாகத் தாம்பரம் போகும் பேருந்தில் அவரை மடியில் வைத்துக்கொண்டேன். சுற்றியிருந்த துண்டு நழுவித் தலை வெளியே வந்துவிட்டது.

"இன்னா சார், பெரியவருக்கு டிக்கெட் எடுக்கலியா?" என்றார் நடத்துநர்.

பின்னால் காலி மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் முந்திக்கொண்டார். "அவுரு சீனியர் சிட்டிசன்பா. டோக்கன் வச்சிருப்பாரு, உடு."

வண்டலூரில் இறங்கியவர்கள்கூட ஒரு தடவை குனிந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டே இறங்கினார்கள்.

என் மனைவி பள்ளியில் கணக்கு ஆசிரியை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உருவத்தைச் சுற்றி வந்தாள்.

"யாருங்க இது?"

என்ன இது என்று அவள் கேட்கவில்லை. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். பொம்மை என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் பழம்பொருள் சேர்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒன்று கேட்டால் ஒன்பது சொல்வார்கள். சுமத்ராவுக்கு மேற்கே நியாஸ் என்று ஒரு தீவு. அங்கே முன்பெல்லாம் வீட்டுப் பெரியவர் இறந்துபோனால் அவருக்காக இப்படி ஓர் உருவம் செதுக்குவார்கள். வீட்டுக்குள் சுவரோடு கட்டிவைத்து, பிள்ளை பிறந்தாலும் கல்யாணம் நிச்சயமானாலும் அதனிடம் போய்ச் சொல்வார்கள். உற்சாகத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அப்ப இது பொம்மை இல்ல."

"இல்ல."

"யாரோ ஒருத்தரோட அப்பா."

"அப்படியும் சொல்லலாம்."

"அவங்க வீட்டை விட்டுட்டு இங்க வந்து உக்காந்திருக்காரு. அமாவாசைக்கு இவருக்கு யாருங்க படைப்பாங்க?"

எங்கள் வீட்டில் அமாவாசை தவறியதில்லை. கூடத்தின் தெற்கு ஓரத்தில் என் பெற்றோர் படமும் அவள் பெற்றோர் படமும் இருக்கின்றன. வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, வடை, பாயசம் எல்லாம் இலையில் வைத்து, காக்கைக்கு மொட்டைமாடியில் சோறு வைத்த பிறகே நாங்கள் சாப்பிடுவோம். அந்த மாதம் சமையல் முடிந்ததும் அவள் இன்னொரு சின்ன இலை நறுக்கினாள். நம் வீட்டுப் பெரியவர்களோடு அடுத்த வீட்டு ஆளை உட்காரவைக்க முடியாது என்பதால் அந்த இலை தனியாக ஜன்னலோரம் போனது. மாடியிலும் கைப்பிடிச் சுவரில் இரண்டாவது உருண்டை. அதற்குத் தீவுக்காரர் பங்கு என்று பெயர் வந்தது.

கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது.

"எந்தக் குடும்பம்னு விசாரிங்க. தெரிஞ்சா அனுப்பிடணும். நம்ம அப்பா படம் எங்கயோ ஒருத்தர் வீட்டு ஷெல்ஃப்ல இருந்தா நீங்க சும்மா இருப்பீங்களா?"

சரி என்றேன். தெரியவராது என்ற தைரியம்தான். தட்டுகளில் இருந்தவற்றுள் அவர்தான் ஆகச் சிறந்தவர். அவரை இழக்க எனக்கு மனமில்லை. அவளுக்கோ அவர் இங்கே இருப்பது ஒவ்வொரு அமாவாசையும் உறுத்தியது. "இன்னும் தெரியலியா?" என்று கேட்டுக்கொண்டே இலை போடுவாள்.

ஓர் அருங்காட்சியகத்தில் மரச்சிற்பங்களைப் பராமரித்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் குரோம்பேட்டைக்குக் கல்யாணத்துக்கு வந்தபோது எங்கள் வீட்டுக்கும் வர ஒப்புக்கொண்டார். என் மனைவி கேசரி செய்தாள். தீவுக்காரரைத் துடைத்து, பலகையில் புதுத் துண்டு விரித்து உட்காரவைத்தாள். பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி இருந்தது கூடம்.

நண்பர் டார்ச் அடித்துப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பினார். மோந்துகூடப் பார்த்தார்.

"எந்த ஊரு, எந்தக் குடும்பம்னு ஏதாவது தெரியுதா சார்?" என்றாள் அவள்.

"குடும்பமே இல்லம்மா" என்றார் அவர். "கை படற தோளும் கருப்பு, கை நுழையாத இடுக்கும் அதே கருப்பு. பூசின கருப்பு. சுவத்துல கட்டிவைக்கிற உருவம்னா கட்டின தழும்பு இருக்கணும், அதுவும் இல்ல. அடியப் பாருங்க, ஷோகேஸ்ல நிக்கறதுக்குத் தோதா அறுத்திருக்காங்க. டூரிஸ்ட்டுக்கு விக்கறதுக்குச் செஞ்சது. நல்லா செஞ்சிருக்கான். ஆனா யாரையும் நினைச்சு செஞ்சதில்ல."

"நிச்சயமா யாரும் தேட மாட்டாங்களா?"

"ஆளே இல்லியேம்மா, யாரு தேடுவாங்க?"

அவள் முகம் தெளிந்துவிட்டது. நண்பர் தட்டில் கேட்காமலேயே இன்னொரு கரண்டி கேசரி விழுந்தது. என் தட்டை யாரும் கவனிக்கவில்லை.

போலி என்று தெரிந்த பிறகு அதை அசலோடு வைத்திருக்கக்கூடாது; அசலை அடையாளம் காணும் கண் கெட்டுவிடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரைத் துண்டில் சுற்றினேன்.

"எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"கோவளத்துக்கு. கடையிலயே குடுத்துட்டு வரேன்."

"எதுக்கு?"

"போலின்னு ஆயிடுச்சே."

"அவங்க வீட்டுக்கு அனுப்பறதுன்னா சரி. இவருக்குத்தான் வீடே கிடையாதுன்னு ஆயிடுச்சு. இடிச்ச ஜன்னலோட கொண்டுபோய்ப் போடப் போறீங்களா?"

"நீதானே அனுப்பணும் அனுப்பணும்னு சொன்ன?"

"அப்ப அவருக்கு ஆளுங்க இருந்தாங்க."

சுவர்த்தட்டில் மற்றவற்றோடு வைக்க முடியாது என்பதை விளக்க ஆரம்பித்தேன். "உங்க தட்டு யாருக்கு வேணும்?" என்று என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சமையலறை ஜன்னலுக்குக் கீழே, மிக்ஸிக்குப் பக்கத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. கோவளத்துக்கு நான் மட்டும் போய், கடைக்காரரிடம் செய்தியைச் சொன்னேன். "ஆளு டூப்பா சார்?" என்று அதிர்ந்தவர், "மூஞ்சியப் பாத்தா தெரில, பெரிய மனுசன் மாதிரி கீதே" என்றார்.

அடுத்த அமாவாசைக்கு ஜன்னலோரம் சின்ன இலை இல்லை. மாடியிலும் ஒரே உருண்டைதான். பழகிய கண்ணுக்கு அந்தக் கைப்பிடிச் சுவர் காலியாகத் தெரிந்தது. கீழே வந்து கேட்டேன்.

"தீவுக்காரருக்கு?"

அவள் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். "அவரு செத்தவரே இல்லைன்னு உங்க ஃப்ரெண்டு சொல்லிட்டாரே. உயிரோட இருக்கறவங்களுக்கு யாராவது படைப்பாங்களா?"

எண்ணெய் தெறிக்கும் என்று அவரைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, அடுத்த அப்பளத்தைப் போட்டாள்.