முதல் சீட்டும் கடைசி ஷேரும்

போன செவ்வாய்க்கிழமை காலை என் திருநின்றவூர் வீட்டு வாசலில் கன்னியப்பனின் மூத்த மகள் வந்து நின்றாள். "அப்பா தூக்கத்துலயே பூட்டாரு மாமா" என்றாள். சட்டைகூடப் போடாமல் அவளோடு ஓடினேன். ஆவடி ஆலையில் அவருக்குப் பக்கத்து இயந்திரத்தில் இருபது வருடம் நின்றவன் நான். ஏலச்சீட்டு நடத்திய கன்னியப்பனை இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கெல்லாம் தெரியும். ஷேர் விற்ற கன்னியப்பனைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் வந்த ஷேர் ஏற்றத்தில், கடைசிவரை பிடித்து வைத்திருந்து கையைச் சுட்டுக்கொண்டவர் அவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அடுத்த ஏற்றம் வந்தபோது பாதி வழியிலேயே விற்றுவிட்டார். மறுவாரமே விலை இன்னும் ஏறியது. கேண்டீனே சிரித்தது, நானும்தான். "அப்பவும் இதே பேச்சுதான் மச்சான், கம்பெனி பேருதான் வேற" என்று வடையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்.

நான் விற்கவில்லை. மனை வாங்கச் சேர்த்தது முழுவதும் ஷேரில் கிடந்தது. எல்லாம் சீட்டுப் புத்தி. சீட்டில் அவசரக்காரன் தள்ளுபடி கொடுத்து முன்னால் எடுப்பான், பொறுத்தவனுக்கு முழுத்தொகை. ஷேரும் அப்படித்தான் என்று நம்பினேன். போன ஏற்றத்தில் பம்பாய்ப் பெரும்புள்ளி ஒருவர் சரியாக உச்சியில் விற்றாராம். நானும் அப்படியே விற்பேன் என்றேன். கன்னியப்பனுக்குக் கோபமே வந்துவிட்டது.

"அவுரு வித்தது உனுக்கு எப்ப தெரிஞ்சிது? வித்து முட்சப்புறம். அவுராண்ட வாங்கினவன் யாரு? உன்ன மாதிரி ஒருத்தன்தான். சீட்டுல கடைசியா எடுக்கிறவன் ராஜா. இதுல கடைசியா விக்கிறவன் கூஜா."

கூஜாதான் ஆனேன். சில வாரங்களில் விலை அதலபாதாளத்துக்குப் போனது. என் மனைவி செல்வியிடம் மறைத்துவிட்டேன். மனைக்குப் பணம் கட்டும் நாளோ நெருங்கியது. அப்போது புதுச்சீட்டு தொடங்கிய கன்னியப்பன், நடத்துபவருக்கென்று தள்ளுபடி இல்லாமல் வரும் முதல் சீட்டை என் கையில் கொடுத்தார். "மாசாமாசம் கட்டிக்கோ" என்றதோடு சரி. அப்போதே சொன்னேனே என்று ஒருநாளும் குத்திக்காட்டவில்லை.

அவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியதும், இத்தனை வருடம் மறைத்ததைச் செல்வியிடம் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு அப்பவே தெரியும். 'மச்சான் நொந்து கீறாரு, நீ ஒண்ணியும் கேக்காத தங்கச்சி'ன்னு அண்ணன் சொல்லிட்டுப் போனாரு. அதான் கேக்கல."

எப்போது விற்க வேண்டும் என்பது எனக்கு இன்றும் பிடிபடவில்லை. எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று கன்னியப்பன் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.