கீழ் கோத்தகிரி மழையில் விரித்த துணிக்கூரை

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம். என்னால் முடியாது. நடந்து பதினொரு மாதம் ஆகிறது. என் கணவர் பெனிஸின் உள்ளங்கையில் அலுமினியக் கம்பி அறுத்த தழும்பு இன்னும் மாறவில்லை. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். எங்களிடம் வந்தது மாலை ஐந்தரை மணிக்கு.

கோயம்புத்தூரில் ஒரு கேரவன் வண்டியை வாடகைக்கு எடுத்திருந்தோம். உள்ளே கட்டில், அடுப்பு எல்லாம் உண்டு. வெளிப்பக்கம் ஒரு ஆனிங், அதாவது சுருட்டி வைத்த துணிக்கூரை. கைப்பிடியைச் சுற்றினால் நீளும். இரண்டு கால்களை ஊன்றி, கயிறு கட்டி, முளை அடிக்க வேண்டும். வண்டிக்காரர் ஒரு விஷயத்தை மட்டும் இரண்டு முறை சொன்னார். "காத்து வர்றதுக்கு முன்னாடியே சுருட்டிருங்க. தூக்கிருச்சுன்னா மட்டும் கையில பிடிக்காதீங்க. துணி போனாப் போகட்டும்."

கீழ் கோத்தகிரி தாண்டி, ஒரு எஸ்டேட்டின் ஓரத்தில் நிறுத்தினோம். தேயிலை வரிசை முடிகிற இடம். பத்தடிக்கு அப்பால் பள்ளம். பெனிஸ் ஆனிங்கை விரிப்பதை எஸ்டேட் வாட்ச்மேன் ஆறுச்சாமி இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, உள்ளயே கட்டில் இருக்குது, அடுப்பு இருக்குது. அப்புறம் வெளிய எதுக்குங்க இந்தக் குடை?"

"மழையை ரசிக்கத்தாண்ணா."

"நீங்க ரசிங்க. மழை உங்கள ரசிச்சுறாமப் பார்த்துக்கோங்க. இங்க காத்து பள்ளத்துல இருந்து மேல ஏறும்."

ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

5.22. மழை தொடங்கியது. தண்ணீர் தேங்காமல் வடிய, ஆனிங்கின் ஒரு காலை பெனிஸ் தாழ்த்தி வைத்துவிட்டு உள்ளே வந்தார். துணியின் மேல் தட்... தட்... தட்.

5.31. ஜன்னல் வழியே பார்த்தேன். ஆனிங்கின் அடியில் பெண்கள் நின்றிருந்தார்கள். ஆறேழு பேர். தலையில் கம்பளி, இடுப்பில் கொழுந்து எடுப்பவர்கள் கட்டுகிற முரட்டுச் சாக்குத் துணி, படங்கு. முதுகு எங்கள் பக்கம், முகம் பள்ளத்தின் பக்கம். மழைக்கு ஒதுங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, எஸ்டேட்டில் வேலை கிடையாது என்பது ஏனோ உறைக்கவில்லை.

"டீ போடட்டுங்களா?" என்றேன்.

ஒருவரும் திரும்பவில்லை.

துணி ஒருமுறை உப்பி அடங்கியது.

"சுருட்டிடலாம் ஷைனா," என்றார் பெனிஸ்.

"அவங்க நிக்கிறாங்களே."

"யாரு?" போனிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

"கொஞ்சம் மழை விடட்டுங்க."

யாரையும் போகச் சொல்ல எனக்கு வாய் வராது. நல்ல மனசு என்பார்கள். அதெல்லாம் இல்லை. என்னைக் கெட்டவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்ற பயம். அந்தப் பயத்துக்குப் பதினான்கு நிமிடங்களைக் கொடுத்தேன்.

5.45. பள்ளத்திலிருந்து பனிமூட்டத்தோடு காற்று ஏறியது. ஒரு முளை பிடுங்கிக்கொண்டு வண்டியில் மோதியது. டங்!

பெனிஸ் வெளியே ஓடி ஆனிங்கின் காலைப் பிடித்தார். நான் கைப்பிடியைச் சுற்றினேன். அது சுழலவில்லை. மேலே துணி வண்டியிலிருந்து கிழிகிற சத்தம்.

அப்போதுதான் அந்தக் குரல்கள்...

"பிடி... பிடி..."

"விடாத புள்ள... விட்டுறாத..."

பனிக்குள் துணியின் விளிம்பு முழுக்கக் கைகள். ஈரமான, கறை பிடித்த விரல்கள். காப்பாற்றுகிறார்கள் என்றே நினைத்தேன்.

பெனிஸ் ஓர் அடி நகர்ந்தார்.

காற்று பள்ளத்திலிருந்து எங்களை நோக்கி அடித்தது. துணியோ அவரைப் பள்ளத்தை நோக்கி இழுத்தது.

இன்னோர் அடி.

"விடாத... விடாத..."

அந்தக் குரல்களில் ஒன்று என்னுடையது. வண்டிக்காரர் சொன்னது நினைவிருந்தது. இருந்தும் நான் கத்திக்கொண்டிருந்தேன், "விடாதீங்க! விடாதீங்க!" இன்றுவரை என்னைத் தூங்கவிடாதது அந்தக் கைகள் அல்ல. இதுதான்.

அவர் கால்விரல்கள் பள்ளத்தின் விளிம்பில்.

என் காதருகே... மிக அருகே... ஒரு கிழக்குரல்.

"விட்டுரச் சொல்லு தாயி. நான் விட்டேன். நீ சொல்லு."

"விடுங்க!"

விட்டார்.

துணி, கம்பி, கயிறு... எல்லாம் பனிக்குள் போயின.

கீழே விழுந்த சத்தம் வரவில்லை.

5.49.

ஆனிங்கின் அடியில் விரித்திருந்த பாயில் சேறு படிந்த தடம் இருவருடையது மட்டும். பெனிஸுடையதும் என்னுடையதும்.

மறுநாள் காலை ஆறுச்சாமி வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"பன்னெண்டு வருசம் ஆச்சுங்க. பறிச்ச கொழுந்து நனையக் கூடாதுன்னு எஸ்டேட் தார்ப்பாயப் போட்டு மூடி வெச்சிருந்தாங்க. காத்து தூக்கிருச்சு. தொலைச்சா மேஸ்திரி வைவாருன்னு எல்லாரும் விளிம்பப் பிடிச்சாங்க. விடாத, விடாதன்னு ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கிட்டேதான்... ஆறு பேருங்க. இந்தப் பள்ளந்தான்."

"எல்லாருமே பிடிச்சிருந்தாங்களா?"

"மருதாயின்னு ஒருத்தி கைய விட்டுட்டா. அவ மட்டும் பொழைச்சா. பொழைச்சு என்னத்துக்குங்க? நீ மட்டும் ஏண்டி விட்டேன்னு லயத்து வீடுகள்ல கேட்டுக் கேட்டே, அவ யாருகிட்டயும் வாயத் தொறந்ததேயில்ல."

"நான் அவங்களப் பார்க்கணும். இப்பவே கூட்டிட்டுப் போறீங்களா?"

அவர் ஸ்கூட்டரின் முன்கொக்கியில் தொங்கிய பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு சாமந்தி மாலை.

"அங்கதானுங்க போயிட்டிருக்கேன். நேத்து சாயங்காலம் போய்ச் சேர்ந்துட்டா. அஞ்சே முக்கால் இருக்குங்க."