லண்டனுக்குக் கேட்ட வயசுச் சீட்டு

தகுதி என்ற வார்த்தையைக் கேட்டாலே ஆம்ப்ரோஸுக்குக் குமட்டிக்கொண்டு வரும். நம் நாட்டு ஃபுட்பால் அணி ஒரு ஆட்டம்கூட ஆடாமல் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றுவிட்டது, எதிரே ஆட வேண்டியவர்கள் எல்லாம் விலகிக்கொண்டார்கள் என்று ஐம்பதாம் வருஷம் ஒரு நாள் ஒர்க்‌ஷாப்பில் பேப்பரை விரித்துவைத்து ஆளாளுக்குக் குதித்தார்கள். அவன் மட்டும் எழுந்துபோய்க் குழாயடியில் வாய் கொப்பளித்துவிட்டு வந்தான். நாட்டுக்கு இத்தனை லேசாகக் கிடைக்கிற சமாச்சாரத்துக்கு ஒரு தனி ஆளை என்ன பாடு படுத்துவார்கள் என்று அவனிடம் யாரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. நான் சொல்கிறேன்.

பிரேசர் டவுனில் மாதா கோயிலுக்குப் பின்புறச் சந்தில் வீடு. அப்பா போய்ப் பத்து வருஷம். அம்மா அல்போன்சாவும் அவனும்தான். பகலெல்லாம் மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை, சாயங்காலம் மைதானம். பெண் பார்க்கலாமா என்று அம்மா கேட்டால் சீசன் முடியட்டும் என்பான். அவனுக்கு எந்தக் காலத்தில் சீசன் முடிந்தது?

இடது பேக் ஆடுவான். பூட்ஸ் கிடையாது. ஆட்டத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, பழைய வேட்டியைக் கிழித்த பட்டையைக் கணுக்காலிலிருந்து பாதம்வரை இறுக்கிச் சுற்றுவான். விரல் மட்டும் வெளியே இருக்கும். பட்டாளத்துக் கோரா வெள்ளைக்காரர்கள் ஆணி வைத்த பூட்ஸோடு மிதிக்க வருவார்கள். மிதிக்கிற நேரத்துக்குப் பந்தும் அங்கே இருக்காது, காலும் அங்கே இருக்காது. கண்டோன்மெண்டில் அவனைத் தாண்டிக் கோல் போட்டவனை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆனால் எண்ணி என்ன ஆச்சு? அவன் தேறி வந்த வயசில் யுத்தம் வந்து இரண்டு ஒலிம்பிக்ஸை விழுங்கிவிட்டது. அதற்கு முன்னால் நம் நாட்டிலிருந்து ஹாக்கிதான் போகும், ஃபுட்பாலை ஒருத்தரும் சீந்தவில்லை. நாற்பத்தெட்டில் முதல் தடவையாக ஃபுட்பால் அணியும் லண்டனுக்குப் போகிறது என்று செய்தி வந்தபோது அவனுக்கு இருபத்தெட்டு. இந்த வண்டியை விட்டால் அடுத்த வண்டி நாலு வருஷம் கழித்து. அதுவரைக்கும் முட்டி தாங்குமா, யார் கண்டது?

ஊரில் ஒரு தேர்வுக் கமிட்டி போட்டார்கள். அதன் செயலாளர் ஓஸ்வால்ட் என்ற ஆசாமி. வாழ்நாளில் பந்தைக் காலால் தொட்டதில்லை, ஃபைலைக் கையால் தொட்டே பெரிய மனுஷன் ஆனவர். மூன்று நாள் ஆடவிட்டு, நாற்பது பேரில் நாலு பேரைப் பொறுக்கினார்கள். அதில் ஆம்ப்ரோஸ் ஒருத்தன். முப்பதைத் தாண்டினவர்களை அனுப்புவதில்லை என்று கமிட்டி முடிவு, அதனால் நாலு பேரும் வயசுக்குச் சீட்டு கொண்டுவர வேண்டும் என்றார் ஓஸ்வால்ட். அதென்ன பிரமாதம் என்று அவன் கோயிலுக்குப் போய், பதிவுப் புத்தகம் பார்க்கிற உபதேசியாரிடம் ஞானஸ்நானச் சீட்டு வாங்கி, மடித்தது மடித்தபடி கொண்டுபோய்க் கொடுத்தான்.

ஓஸ்வால்ட் பிரித்துப் பார்த்தார்.

"என்ன மேன் இது? தொள்ளாயிரத்துப் பதினாலுன்னு இருக்கு. முப்பத்துநாலு வயசு ஆளா நீ?"

ஆம்ப்ரோஸ் வாங்கிப் பார்த்தான். அவன் பேர், அப்பா பேர், அம்மா பேர் எல்லாம் சரி. வருஷம் மட்டும் வேறு யாருடையதோ.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினான். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்காமலேயே, "அது உங்க அண்ணன்டா" என்றாள்.

அந்தச் சந்துகளில் இது ஒரு அதிசயமே இல்லை. தலைச்சன் பையனுக்கு அப்பாவைப் பெற்றவர் பேர். அவன் தவறிப்போனால் அடுத்த பையனுக்கு அதே பேர். பெரியவர் பேர் விழக் கூடாது, அவ்வளவுதான். முதல் ஆம்ப்ரோஸ் இங்கே பிறந்து இங்கே ஞானஸ்நானம் வாங்கி, விஷ ஜுரம் ஊரையே வாரிக்கொண்டுபோன பதினெட்டாம் வருஷம் நாலு வயசில் போனான். இரண்டாவது ஆம்ப்ரோஸைப் பெற அல்போன்சா தாய் வீடான கோலார் தங்கவயலுக்குப் போயிருந்தாள், ஞானஸ்நானமும் அங்கேயே ஆயிற்று. இங்கத்துப் புத்தகத்தில் இருப்பது அண்ணன் மட்டும்தான். அண்ணன் ஒருத்தன் இருந்தான் என்பது ஆம்ப்ரோஸுக்குத் தெரியும். கல்லறைத் திருநாளன்று அம்மா ஒரு மெழுகுவர்த்தியைக் கூடுதலாக எடுத்துப்போய், கல்லே இல்லாத இடமாகப் பார்த்து ஏற்றிவைப்பாள். அதற்குமேல் அவன் கேட்டதில்லை.

மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு ரயிலேறித் தங்கவயலுக்குப் போனான். இருபதாம் வருஷத்துச் சீட்டை வாங்கிக்கொண்டு நேராகக் கமிட்டி ஆபீசுக்கு வந்தான். ஓஸ்வால்ட் இரண்டு சீட்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிரித்தார். 

"ஒரே பேரு, ஒரே அப்பன், ஒரே ஆத்தா. ஒரு ஆளுக்கு ரெண்டு ஞானஸ்நானமா? எது சவுகரியமோ அதைத் தூக்கிட்டு வர்றியா?"

"மொதல்ல பொறந்தது எங்க அண்ணன் சார். செத்துட்டான்."

"அப்போ செத்ததுக்குச் சீட்டு கொண்டா. சனிக்கிழமை லிஸ்ட் போயிடும்."

கோயிலில் உபதேசியார் பதினெட்டாம் வருஷத்து அடக்கப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தார். பாவம், நல்ல மனுஷன், ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். அந்த வருஷம் அக்டோபரில் பேர்களே நின்றுபோயிருந்தன. ஒரு குழந்தை. ஒரு குழந்தை. ஒரு பெண்பிள்ளை. கூலி ஆள் ஒருவர். இரண்டு குழந்தைகள். நடுவில் கையெழுத்தும் மாறியிருந்தது. எழுதிக்கொண்டிருந்த சாமியாரும் அதே ஜுரத்தில் போய்விட்டாராம்.

"இதுல எந்தக் குழந்தைன்னு நான் எழுதிக் கொடுப்பேன் தம்பி?" என்றார்.

பெற்றவளே நேரில் வந்து சொல்லட்டும், யோசிக்கிறோம் என்றார் ஓஸ்வால்ட். பேஜார் பிடித்த மனுஷர், வேறு வழியும் விடவில்லை. ஆம்ப்ரோஸ் தலை நிமிராமலேயே அம்மாவிடம் அதைச் சொன்னான். அவள், "வர்றேன், அதுக்கென்ன" என்றாள்.

சனிக்கிழமை காலை பூசைக்குப் போகிற வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கமிட்டி அறையில் ஓஸ்வால்டோடு இன்னும் இரண்டு பேர். டீயும் பிஸ்கோத்தும் ஓடிக்கொண்டிருந்தன. அறுபது வயசுப் பொம்பளைக்கு உட்கார ஒரு நாற்காலி தரத் தோன்றவில்லை அந்தப் பெரிய மனுஷர்களுக்கு. ஆம்ப்ரோஸே மூலையில் கிடந்ததை இழுத்துப் போட்டான்.

"சொல்லும்மா, மொத பையன் செத்துட்டான்னு எப்படிச் சொல்றே?" என்றார் ஓஸ்வால்ட்.

எப்படிக் கேட்கிறார் பாருங்கள். தூ.

அல்போன்சா சொன்னாள். திங்கட்கிழமை ஜுரம் வந்தது, புதன்கிழமை மூக்கில் ரத்தம் வந்தது. வெள்ளிக்கிழமை விடிந்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. வீட்டுக்காரருக்கும் ஜுரம், எழுந்து நிற்க முடியவில்லை. அடக்கத்துக்குச் சாமியார் வீட்டுக்கு வருகிற நிலைமையில்லை, தெருவோடு ஒரு கட்டை வண்டி வந்தது. அதில் ஏற்கெனவே ஆள்கள் கிடந்தார்கள். அவளே தூக்கிப்போய் வைத்தாள். சட்டைப் பொத்தான் ஒன்று கழன்றிருந்தது, தைத்துப் போடலாம், கொஞ்சம் பொறு என்று கேட்டாளாம். வண்டிக்காரன் நிற்கவில்லை.

இதையெல்லாம் ஆம்ப்ரோஸ் முதல் தடவையாகக் கேட்கிறான். கேட்டு நெஞ்சு அடைத்துப்போனான் என்று சொன்னால் அது பொய். அவன் ஓஸ்வால்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இது போதுமா, நம்புகிறாரா, இன்னும் ஏதாவது வேண்டுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். பொத்தான் விஷயம் நன்றாக வந்தது என்றுகூட அவன் மனசுக்குள் ஓடியது.

ஓஸ்வால்ட் பிஸ்கோத்தை டீயில் தோய்த்தார்.

"இவ்வளவு சொல்றாங்க, ஒரு சொட்டுக் கண்ணீர் வரலியே மேன்? பெத்த பிள்ளை போனதைப் பத்திப் பேசற மாதிரியா இருக்கு?" என்று பக்கத்திலிருந்தவரைப் பார்த்துக் கேட்டார். அவரும் தலையை ஆட்டினார்.

அல்போன்சா மகன் பக்கம் திரும்பினாள். மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகப் பேசினாள்.

"அழுதாதான் நம்புவாங்களாடா? கொஞ்சம் இரு. அழறேன்."

முந்தானையைக் கையில் எடுத்தாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, முப்பது வருஷத்துக்கு முந்தின அந்த வெள்ளிக்கிழமையைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆம்ப்ரோஸ் காத்திருந்தான். ரொம்ப நேரமில்லை, ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். ஆனால் காத்திருந்தான்.

அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அப்புறம்தான் அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. மேஜைமேல் கிடந்த இரண்டு சீட்டையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"என் பேரை அடிச்சிடுங்க" என்றான். அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினான்.

வெளியே வெயில். அல்போன்சாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏண்டா எழுந்து வந்துட்டே? எனக்கு வந்துடுச்சுடா, நல்லாத்தான் வந்துச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கூட வந்தாள். 

அணி லண்டனுக்குப் போயிற்று. நம்மவர்களில் முக்கால்வாசிப் பேர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். பிரான்ஸோடு ஒன்றுக்கு ஒன்று என்று நின்ற ஆட்டத்தில் கடைசி நிமிஷத்தில் ஒரு கோல் வாங்கித் தோற்றார்கள். நம்ம ஆம்ப்ரோஸ் நின்றிருந்தால் அந்தக் கோல் விழுந்திருக்குமா என்று ஒர்க்‌ஷாப்பில் பேசாத நாளில்லை. அல்போன்சா சொல்லிச் சந்தெல்லாம் தெரிந்த கதை என்பதால் பேச்சு கடைசியில் ஓஸ்வால்டிடம் வந்து நிற்கும். அந்த ஆளை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்ப்பார்கள், பாதகன், கல்நெஞ்சன் என்பார்கள்.

ஆம்ப்ரோஸ் அதில் சேர்ந்துகொள்ள மாட்டான். அம்மா முந்தானையை எடுத்தபோது வேண்டாம் என்று சொல்லாமல் நின்றது ஓஸ்வால்ட் இல்லை.