முருகன் சிலையில் ஒட்டிய சிவப்பு அம்பு

இந்தப் பயணம் ஒரு காலரால் வந்தது. மார்கழியில் பெங்களூர் போயிருந்தபோது, கண்ணாடியும் குளிர்காற்றுமாக இருந்த ஒரு கடையில் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்து டி-ஷர்ட் ஒன்று வாங்கினேன். அந்தப் பணத்துக்குத் திருச்சியில் குடும்பத்துக்கே துணி எடுத்துவிடலாம். ஊருக்கு வந்து பிரித்தால் காலரின் இடது முனை வலது முனையைவிட ஒரு நூல் நீளம். கடைக்குப் போன் போட்டேன். "போட்டுக்கிட்டா தெரியாது சார்" என்றது ஓர் இனிமையான குரல். தெரியாமல் இருப்பதற்கா ஆயிரத்து எண்ணூறு? மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றுக்கும் 'உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்' என்று ஒரே பதில் வந்தது. இந்த வலைப்பதிவைப் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். சாம்பாரில் பெருங்காயம் கூடினால்கூட மேனேஜரைக் கூப்பிடுகிற ஆள் நான்.

பாலிடெக்னிக்கில் என்னோடு படித்த சண்முகம் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறான். ஐரோப்பாவில் பணக்காரக் குழந்தைகளுக்கு உடை விற்கும் ஒரு கம்பெனிக்கு அவன்தான் தைத்து அனுப்புகிறான். காலர் கதையைப் போனில் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஒரு நூலுக்கு இந்தப் பாடாடா? கெளம்பி வா. குறை சொல்றதுன்னா என்னன்னு நான் காட்டறேன். தை கடைசி ஞாயித்துக்கிழமை புது பில்டிங்ல முருகனும் வர்றாரு. சேந்தாப்ல பாத்துட்டுப் போ."

வியாழக்கிழமை காலை 6.10க்குத் திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் ஏறினேன். கரூர், வெள்ளகோவில், காங்கேயம் வழி. சுமார் 170 கிலோமீட்டர், 58 ரூபாய். என் சன்னல் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டு, கரூர் வரை வெயில் சரியாக ஒரு கண்ணில் மட்டும் அடித்தது. 11.20க்குத் திருப்பூர். சண்முகம் வீட்டில் உறவுக்கூட்டம் நிரம்பியிருந்ததால் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்தேன். நாள் வாடகை 350. 'இருபத்து நான்கு மணி நேரமும் வெந்நீர்' என்று எழுதி மாட்டியிருந்தார்கள். வந்தது வெந்நீர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு சண்முகம் என்னைக் கம்பெனிக்கு அழைத்துப் போனான். தையல் பகுதியின் சத்தத்தைத் தாண்டி ஒரு நீளமான அறை. மேசைக்கு மேசை டியூப் லைட். பெண்கள் நின்றபடி குழந்தைச் சட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். குறை தென்பட்டால் அந்த இடத்தில் நகக்கண் அளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாகப் போட்டார்கள். ஸ்டிக்கர் விழுந்த சட்டை மறுபடி தையலுக்குப் போகும், இல்லாவிட்டால் கழிவுக்கு. இதையெல்லாம் தாண்டிப் பெட்டியில் போன பிறகு, வாங்குகிற கம்பெனியின் ஆள் ஒருவர் வந்து பெட்டியைப் பிரித்து, தன் பங்குக்கு அம்பு ஒட்டுவாராம்.

"அந்தாளுகிட்ட நான் கெஞ்சற கெஞ்சு இருக்குதே! 'மூணடி தள்ளி நின்னு பாருங்க சார், தெரியாது'ம்பேன். 'வாங்கறவங்க மூணடி தள்ளி நின்னா சட்டையப் போட்டுக்குவாங்க?'ம்பான்" என்றான் சண்முகம்.

அந்தச் செக்கிங் பகுதிக்குத் தலைவி ஸ்டெல்லா. தெற்கே திசையன்விளைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, பன்னிரண்டு ஆண்டாக இங்கே இருக்கிறார். அவர் நடந்து வந்தால் சூப்பர்வைசர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். நான் அந்த டி-ஷர்ட்டைத்தான் போட்டுப் போயிருந்தேன். சண்முகம் காலர் கதையைச் சொன்னதும் ஸ்டெல்லா என்னைச் சுற்றி ஒருமுறை வந்தார். காலரில் ஒன்று, தோளில் ஒன்று, கையோரத்தில் இரண்டு, முதுகில் ஒன்று என்று ஒட்டினார்.

"முதுகுல துணியே கோணலா வெட்டியிருக்கான் சார். நீங்க காலர மட்டுமா பாத்திய?"

குறை கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நினைத்திருந்தேன். ஐந்து அம்போடு அங்கே நின்றபோது, பெரிய பாடகர் முன்னால் குளியலறைப் பாட்டுக்காரன் நிற்பது போலிருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

இனி முருகன் விஷயம். சண்முகத்தினுடையது தறிக்காரக் குடும்பம். முருகனைக் கும்பிடாமல் அவர்கள் வீட்டில் ஒரு நூல்கண்டு பிரித்ததில்லை. புதுக் கட்டடத்தில் மெஷின்கள் வந்து இறங்கிவிட்டன, திங்கட்கிழமை ஓட்டியே ஆகவேண்டிய ஆர்டரும் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை முருகன் உட்காராமல் ஒரு ஊசிகூட இறங்காது என்று அவன் அப்பா சொல்லிவிட்டார். சிலை திருமுருகன்பூண்டியில் தயாராக இருந்தது. வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்து ஏற்றி வரவேண்டியதுதான் பாக்கி. அதற்கு ஸ்டெல்லாவையும் கூப்பிட்டான் சண்முகம்.

"நான் வேதக்காரில்லா மொதலாளி? சர்ச்சுக்குப் போறவ, நான் போயி சாமியக் குத்தஞ் சொல்லவா?"

"கண்ணு தொறந்து பிரதிஷ்டை ஆகற வரைக்கும் அது கல்லுதான் ஸ்டெல்லா. நம்ம கேட்டுக்குள்ள செக்கிங் ஆகாம எதுவும் வரப்படாது."

திருப்பூரிலிருந்து அவிநாசி சாலையில் எட்டு கிலோமீட்டரில் இருக்கிறது பூண்டி. டவுன் பஸ்ஸில் நான்கு ரூபாய், இருபத்தைந்து நிமிடம். நாங்கள் சண்முகத்தின் வேனில் போனோம். ஊர் நெருங்கும்போதே உளிச் சத்தம் கேட்கிறது. சாலையோரப் பட்டறைகளில் பிள்ளையார்களும் நந்திகளும் அம்மன்களும் கல்தூசி பூசிக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள்.

ரத்தினம் ஸ்தபதியின் பட்டறையில் நம் முருகன் வேப்பமரத்தடியில் நின்றார். நாலடி உயரம், கருங்கல், பக்கத்தில் தோகை மடித்த மயில். ஏழு மாத வேலை. கல்லில் எப்படி ஒருவரால் சிரிப்பை வைக்க முடிகிறது என்று எனக்கு விளங்கவில்லை. எதையும் குறை சொல்லும் நான், கிட்டே போய் அந்தச் சிரிப்பையே பார்த்தேன்.

ஸ்டெல்லா செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிடு போட்டுவிட்டு, ஸ்டிக்கர் தாளை எடுத்தார். முதல் அம்பு இடது காதில். காது ஒரு மயிரிழை இறங்கியிருக்கிறதாம். இரண்டாவது மயில் தோகையில். மூன்றாவது இடுப்பு மணிச்சரத்தில், அதில் ஒரு மணி மட்டும் சற்றே சப்பையாம்.

ஸ்தபதி பீடியைக் கீழே போட்டார். "ஏனுங் அம்மிணி, பனியன்ல ஒட்டறதக் கொண்டாந்து எஞ்சாமி மேல ஒட்டறீங்களே, நல்லாவா இருக்குது?"

"ரெண்டு காதும் ஒரே மட்டமா இல்லியே அண்ணாச்சி. நீங்களே பாருங்க."

"மட்டமா இருக்கறதுக்கு அது என்னங் பலகையா? மொகம் லேசாத் திரும்பியிருக்குது, காது அப்படித்தான் வருமுங். முப்பது வருசமா நான் வெச்ச காதெல்லாம் கோயில்லதான் இருக்குது!"

"இருக்கட்டும். அம்பு அம்புதான்."

சண்முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிறந்ததிலிருந்து அம்பு வாங்கியே பழகியவனுக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக வாங்குகிறவன் நாற்காலி கிடைத்திருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இதெல்லாம் கொஞ்சம் பாக்கோணுமுங் ஸ்தபதி" என்று பெட்டியைப் பிரிக்க வரும் அந்தக் கம்பெனி ஆளைப் போலவே தலையை ஆட்டினான். நானும் என் பங்குக்கு மயிலின் அலகைப் பற்றி ஏதோ சொன்னேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஸ்டெல்லா அதற்குள் சிலையின் வலது தோளுக்கு வந்திருந்தார். விரலால் தடவினார். தள்ளி நின்று பார்த்தார், மறுபடி கிட்டே போனார். நான்காவது அம்பைத் தோளிலிருந்து மார்புக்கு இறங்கும் இடத்தில் ஒட்டினார்.

"இங்கன ஒரு கோடு இருக்கு அண்ணாச்சி. அழுக்கா என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியல."

இந்த முறை ஸ்தபதி சண்டைக்கு வரவில்லை. ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, சிலையின் தலையிலிருந்து ஊற்றினார். கல் முழுக்கக் கறுத்துப் பளபளத்தது. பிறகு எல்லோரும் நின்றோம். பத்து மணி வெயிலில் நெற்றி காய்ந்தது, கன்னம் காய்ந்தது, கைகள் வெளுத்தன. தோளிலிருந்து மார்பு வரை ஒரு நூல் மட்டும் ஈரமாகவே நின்றது. பிளவுக்குள் போன தண்ணீர் வெளியே வரவில்லை.

ஸ்தபதி கல் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார். "கடைசியா மெருகு ஏத்தறப்பத்தான் விரிசல் விட்டிருக்குமுங். இது போகாதுங்."

நான் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகு நடந்தது. பாய்ந்து போய் அவர் பக்கத்தில் குந்தியவன் சண்முகம்தான்.

"ஸ்தபதி, அப்படிச் சொல்லாதீங்! சந்தனம் சாத்தப் போறோம், வஸ்திரம் கட்டப் போறோம். மூணடி தள்ளி நின்னா யாருக்குங் தெரியும்?"

நேற்று எனக்கு நடித்துக் காட்டிய அதே வாக்கியம். ஆனால் இப்போது அது நடிப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை முருகன் இல்லையென்றால் திங்கட்கிழமை மெஷின் ஓடாது. மெஷின் ஓடாவிட்டால் கப்பலுக்குச் சரக்கு போகாது. அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது? எல்லாம் அவன் முகத்தில் எழுதியிருந்தது.

"உங்க சட்டையில குறையிருந்தா கடையில போயி வேற மாத்திக்குவாங்" என்றார் ஸ்தபதி. "இங்க வந்து கையெடுத்துக் கும்பிடறவனுக்கு எந்தக் கடையிலங் மாத்தித் தருவீங்க?"

காதின் ஒரு மயிரிழைக்காக அத்தனை வாதாடிய மனிதர், ஏழு மாத உழைப்பை ஒரு மூச்சில் தள்ளிவைத்துவிட்டார். வாங்க வந்தவன் 'ஓகே' என்று கெஞ்சுகிறான், செய்தவர் முடியாது என்கிறார். என் வாழ்நாளில் எத்தனையோ கடைகளில் எத்தனையோ மேனேஜர்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். இப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஸ்தபதியே எழுந்தார். கொட்டகைக்குள் கிடந்த ஒரு நீளக் கல்லைச் உள்ளே விரிசல் உண்டா என்று சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். "ஞாயித்துக்கெழமைக்குள்ள வேல் ஒண்ணு நானே உக்காந்து செஞ்சு தர்றனுங். முருகன் வேற, வேல் வேறயா? உங்கப்பாகிட்ட நான் பேசிக்கறனுங்." சண்முகத்தின் அப்பா போனிலேயே சரி என்றார்.

ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குப் புதுக் கட்டட வாசலில் கம்பெனி மொத்தமும் கூடியிருந்தது. தெற்கத்திக்காரர்கள், உள்ளூர்க்காரர்கள், பீகார்ப் பையன்கள், எல்லோரும் குளித்து வந்திருந்தார்கள். மூன்றடி வேல், இலைபோல வழவழவென்று. வேறு ஒரு வேலைப்பாடும் இல்லை. குருக்கள் கலசத்தை எடுக்கப் போனார். ஸ்தபதி குறுக்கே கை நீட்டினார்.

"கொஞ்சம் இருங் சாமி. அம்மிணி, நீங்க முன்னால வாங்."

எல்லோர் முன்னாலும் அவரே ஒரு சொம்புத் தண்ணீரை வேலின் நுனியிலிருந்து ஊற்றினார். வெயில் இன்னும் வரவில்லை. காற்றில்தான் காயவேண்டும். குருக்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சண்முகம் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் எனக்கு வலித்தது. அத்தனை பேரும் கண்ணைத் திறந்துகொண்டு ஒரு கல் காய்வதைப் பார்த்து நின்றோம். நுனி வெளுத்தது. நடுப்பாகம் வெளுத்தது. ஈரம் ஒரே சீராகக் கீழே இறங்கிப் பீடத்தில் முடிந்தது.

ஸ்டெல்லா குனிந்து சுற்றி வந்தார். அடியில் தங்கிய ஒரு சொட்டை முந்தானையால் ஒற்றி எடுத்து, அந்த இடத்தையும் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல மொதலாளி. பாஸ்."

அதன் பிறகு எழுந்த அரோகராச் சத்தம் பக்கத்துத் தெரு வரை கேட்டிருக்கும். திங்கட்கிழமை மெஷின்கள் ஓடின.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். திருப்பூரை வார நாளில் பாருங்கள், ஞாயிறன்று ஊர் தூங்குகிறது. கம்பெனிகளுக்குள் தெரிந்தவர் இல்லாமல் விடமாட்டார்கள். பூண்டிப் பட்டறைகளில் யாரும் தடுப்பதில்லை, படம் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். காலை பதினொன்றுக்குள் போனால் கல் சுடாது. அங்கிருந்து அவிநாசிக் கோயிலுக்கு மறுபடி டவுன் பஸ், பத்தே நிமிடம். லாட்ஜில் வெந்நீரைக் கேட்டு வாங்குங்கள், எழுதி மாட்டியதை நம்பாதீர்கள். என் டி-ஷர்ட்டை இப்போதும் போட்டுக்கொள்கிறேன். கடைக்கு நான்காவது மின்னஞ்சலும் அனுப்பிவிட்டேன், ஐந்து குறைகளையும் எழுதி.

கிளம்பும் முன் திங்கட்கிழமை மறுபடி பூண்டிக்குப் போனேன். அந்த முருகன் பட்டறை வாசலுக்கு வந்திருந்தார். கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஓட்டல்காரர் வரவேற்பறையில் வைக்க நல்ல விலைக்குக் கேட்டாராம், ஸ்தபதி கொடுக்கவில்லை. சிலை வாங்க வருகிறவர்களுக்கு முதலில் இதன் மேல் தண்ணீர் ஊற்றிக் காட்டுகிறார். இப்படிப் பார்த்து வாங்குங்கள் என்கிறார். மார்பில் சிவப்பு அம்பு அப்படியே இருக்கிறது. போனால் நீங்களும் பார்க்கலாம்.

மற்ற மூன்று அம்புகளையும் கிழித்துப் போட்டுவிட்டார். காது சரியாகத்தான் இருக்கிறதாம்.